பிஸ்ரன் சொன்ன கணக்கு

மோட்டார் சைக்கிள் வைத்திருப்போர்க்குப் புகையின் நிறம் பார்க்கத் தெரிதல் வேண்டும். கரும்புகை எனின் பெற்றோல் மிகுதியாகச் செல்கிறது. காபரேற்றரைத் திருத்தினால் அடங்கிவிடும். காலைக் குளிரிலே தோன்றி மறையும் வெண்புகை வெறும் நீராவி. அதனைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. நீலம் கலந்த புகையோ அத்தகையதன்று. எரியக்கூடாத எண்ணெய் உள்ளே எரிகின்றது என்பதே அதன் பொருள். எமது பழைய ஹொண்டா சீ 90 சில மாதங்களாக இந்த நீலப் புகையையே விட்டுக்கொண்டிருந்தது. பின்னால் வருவோர் மூக்கைப் பொத்திக்கொண்டு எம்மை முந்திச் செல்வதும், முந்துகையில் திரும்பி ஒரு பார்வை பார்ப்பதும் வழக்கமாகிவிட்டன.

இவ்வண்டியைப் பற்றிச் சிறிது கூறுதல் பொருந்தும். ஹொண்டா நிறுவனத்தார் 1958 ஆம் ஆண்டிலே சுப்பர் கப் என்னும் சிறு வண்டியை யப்பானில் வெளியிட்டனர். அக்குலத்து வண்டிகள் 2017 ஆம் ஆண்டளவில் பத்துக் கோடியைத் தாண்டிவிட்டன. எமது சீ 90 அக்குலத்தைச் சேர்ந்ததே. 1977 இன் பின்னர் நாட்டின் இறக்குமதிக் கதவுகள் திறக்கப்பட்டபோது யப்பானிய வண்டிகள் பெருவாரியாக வந்திறங்கின. அவற்றுள் ஒன்றை எமது தந்தையார் 1979 இல் வாங்கினார். ஒரேயொரு சிலிண்டர், அதன் விட்டம் 50 மில்லிமீற்றர், பிஸ்ரன் ஓடும் தூரம் 45.6 மில்லிமீற்றர், கொள்ளளவு 89.5 கன சென்ரிமீற்றர். ஒரு தேநீர்க் குவளையை நிரப்பவும் போதாத இவ்விடத்துக்குள்ளேதான் எமது குடும்பத்தின் ஓட்டமெல்லாம் நாற்பத்தைந்து ஆண்டுகளாக நிகழ்ந்துவந்தது. 1970 இல் ஹொண்டா அமெரிக்காவில் விற்பனைக்கு விட்ட, காற்றூதிய பெருஞ்சில்லுகள் மூன்று கொண்ட யூ.எஸ். 90 என்னும் வண்டியிலும் இவ்வகைச் சிறு எஞ்சினையே பொருத்தினர். மணலிலும் சேற்றிலும் ஓடும் ஏ.ரீ.வீ. வண்டிகளின் முன்னோடிகளுள் அதுவும் ஒன்று. ஆகவே நாம் இங்கு கூறப்போகும் வேலையை எங்கோ ஓர் அமெரிக்கப் பண்ணைக் கொட்டிலிலும் யாரேனும் செய்துகொண்டிருக்கக்கூடும்.

புகையைக் கண்ட திருத்துநர் ஒருவர் தயக்கமின்றித் தீர்ப்பளித்தார்: "சேர், உதைக் கழட்டி எறிஞ்சுபோட்டு, சீன எஞ்சின் ஒண்டைப் பூட்டுவம். ஒரு நாள் வேலை." அவர் கூறியதில் நியாயம் இல்லாமலில்லை. இதே வடிவத்துச் சீன எஞ்சின்கள் மலிவாகக் கிடைக்கின்றன, பூட்டினால் ஓடும். புதிய வண்டி வாங்குவதோ அக்காலத்தில் எண்ணிப் பார்க்கவும் இயலாததாக இருந்தது. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 இலேதான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பழைய வண்டிகளின் விலை ஏறிய ஏற்றத்தை யாவரும் அறிவர். ஆயினும் ஒரு பொருளைத் திறந்து பாராமலே அது செத்துவிட்டதென்று கூறுவதை எம்மால் ஏற்க முடியவில்லை. கணிதம் கற்பிப்போர்க்கு இயல்பாக உள்ள பிடிவாதம் இது போலும்.

எஞ்சினைத் திறப்பதற்கு முன்னரே அதன் நோயை ஓரளவு அறியலாம். வண்டியை நிறுத்திவைத்துக் காலையில் உதைக்கும்போது மட்டும் நீலப் புகை குப்பென்று வந்து அடங்கினால், வால்வுகளின் வழியே எண்ணெய் கசிந்திருக்கிறது. முறுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால், பெரும்பாலும் பிஸ்ரனைச் சூழ்ந்த றிங்குகளும் சிலிண்டரும் தேய்ந்திருக்கின்றன. இன்னொரு சோதனையும் உண்டு. பிளக்கைக் கழற்றி, காற்றமுக்கத்தை அளக்கும் மானியைப் பொருத்தி உதைத்துப் பார்க்க வேண்டும். பின்னர் அத்துவாரத்தினுள் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு மறுபடியும் உதைக்க வேண்டும். அமுக்கம் ஏறினால், எண்ணெய் அடைத்த இடைவெளி றிங்கின் பக்கத்தது; ஏறாவிடின் குற்றம் வால்வின் பக்கத்தது. எமது வண்டியிலே முள் கணிசமாக ஏறிற்று. நோய் எங்கே என்பது தெளிவாயிற்று.

எஞ்சினின் மேற்பகுதி எனப்படுவது ஹெட், அதிலுள்ள வால்வுகள், சிலிண்டர், பிஸ்ரன், றிங்குகள் ஆகியவை. இவை வீட்டு விறாந்தையில் வைத்துச் செய்யத்தக்கவை. கீழே இருக்கும் கிராங்கு, கியர் என்பன அவ்வாறல்ல. அவற்றைப் பிரிப்பதற்கு அழுத்தும் பொறியும் பழகிய கையும் வேண்டும். ஆகையால் எது எம்மால் இயலும், எங்கே நிற்க வேண்டும் என்பதை முதலிலேயே வரையறை செய்துகொண்டோம். 2024 ஆம் ஆண்டுச் சித்திரைப் புத்தாண்டு விடுமுறையிலே வேலை தொடங்கியது. உதவியாளர், சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த எமது மகள். புத்தகத்தை மூடிவைப்பதற்கு ஒரு காரணம் கிடைத்த மகிழ்ச்சியோடுதான் அவள் வந்தாள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

கழற்றுவது எளிது, கழற்றியதை வைப்பதே கலை. மகள் ஒரு காட்போட் மட்டையிலே எஞ்சினின் உருவத்தை வரைந்து, ஒவ்வோர் ஆணியும் எங்கிருந்து வந்ததோ அவ்விடத்திலேயே துளையிட்டுச் செருகிவைத்தாள். ஆணிகளின் நீளம் ஒன்றுபோல இராது. நீண்டதைக் குறுகிய துளையில் முறுக்கினால் அலுமினியம் வெடிக்கும். ஹெட்டைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகளுள் ஒன்றின் கீழ் மட்டும் செம்பு வாஷர் இருந்தது, ஏனையவற்றில் இரும்பு. எண்ணெய் மேலேறும் வழிக்கு உரியது அச்செம்பு. அதுவும் மட்டையிலே குறிக்கப்பட்டது. கேக் வேகவைக்கும் தட்டு ஒன்று மண்ணெண்ணெய்த் தொட்டியாக மாறியதை எமது இல்லத்தரசியார் அறிந்தது மறுநாள்தான். அதன் விளைவுகள் இக்கட்டுரைக்குப் புறம்பானவை.

ஹெட் வந்த பின்னர், வால்வுகளை ஓட்டும் சங்கிலியை ஒரு கம்பியாற் கட்டி வெளியே தொங்கவிட்டோம். இல்லையேல் அது எஞ்சினின் வயிற்றுக்குள் விழுந்துவிடும். பின்னர் சிலிண்டரைத் தட்டித் தளர்த்தி மெல்ல இழுத்தோம். பிஸ்ரன் வெளியே வந்தது. அதன் தலை முழுவதும் கரி. மகள் மரக்குச்சியாற் சுரண்டத் தொடங்கினாள். உலோகத்தில் இரும்பு படக்கூடாது என்று கூறியிருந்தோம். கரிக்குக் கீழே முதலில் ஓர் எழுத்துக் குறி தெரிந்தது. பின்னர் இலக்கங்கள்: 0.50.

அந்த இலக்கம் எம்மை நிறுத்திவிட்டது. சிலிண்டர் தேயும்போது அதனைச் சற்றுப் பெரிதாகக் குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்ரனைப் போடுவார்கள். இதனையே போர் அடித்தல் என்பர். பெரிய பிஸ்ரன்கள் 0.25, 0.50, 0.75, 1.00 மில்லிமீற்றர் என நான்கு படிகளாக வரும். அளவு அதன் தலையிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு தடவையும் உலோகம் குறைகிறது. நான்காவது படியோடு அச்சுவரின் ஆயுள் ஏறக்குறைய முடிவடைகிறது.

எமது தந்தையார் கூட்டுறவுச் சங்கத்திலே கணக்காளராக இருந்தவர். வண்டிக்காகச் செலவிட்ட ஒவ்வொரு சதமும் ஒரு நீல மட்டைக் கொப்பியில் இருந்தது: எண்ணெய் மாற்றிய நாள், டயர், செயின், பிளக். 2019 இல் அவர் காலமான பின்பும் அக்கொப்பி வண்டியின் பெட்டிக்குள்ளேயே கிடந்தது. அதிலே போர் அடித்த பதிவு ஒன்றே ஒன்றுதான் இருந்தது: 1992, அளவு 0.25. அவ்வாறாயின் இந்த 0.50 எங்கிருந்து வந்தது?

1992 இல் ஏன் அடிக்க நேர்ந்தது என்பதில் மர்மம் எதுவும் இல்லை. 1990 ஆனியிலே போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைபட்டது. வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறு மருந்துப் போத்தலில் இருக்கும் சில துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அந்தச் சத்தத்தையும் மணத்தையும் அறியாதவர் எமது வயதினருள் இலர். ஆனால் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. எரியாது எஞ்சியது சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு, றிங்குகளைக் கடந்து கீழே இறங்கி, எஞ்சின் எண்ணெயோடு கலந்து அதனை நீர்த்துப்போகச் செய்யும். பெற்றோலுக்கென அமைந்த எஞ்சினுள் அது உரிய கணத்துக்கு முன்பே வெடிப்பதும் உண்டு. மேடு ஏறும்போது உள்ளே சுத்தியலால் அடிப்பது போலக் கேட்கும். இத்தகைய உணவில் எந்த எஞ்சினும் நெடுநாள் வாழாது. நாடெங்கும் வரிசை நின்ற 2022 இலே, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு நான்கு லீற்றர் என்று பங்கிட்டபோது சிலர் மனம் நொந்தனர். எமது அம்மா மட்டும், "நாலு லீற்றரோ, அது பெற்றோல் தானே?" என்று கேட்டார்.

பிஸ்ரனை அம்மாவிடமே கொண்டுசென்று காட்டினோம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இலக்கத்தைப் பார்த்தார். சிறிது நேரம் பேசவில்லை.

"சாவகச்சேரியிலை இருக்கேக்கை அடிச்சவர், தம்பி. கொப்பியிலை எழுத வேண்டாமெண்டு நான்தான் சொன்னனான்."

1995 ஒக்ரோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் தென்மராட்சி நோக்கி ஒரே இரவிற் பெயர்ந்தபோது, இவ்வண்டியைத் தந்தையார் உருட்டிக்கொண்டு வந்ததை நாம் கண்டோம். மூட்டைகளின் நடுவே வண்டி தெரியவேயில்லை. அதன்பின் நிகழ்ந்தவற்றைத்தான் அம்மா இப்போது கூறினார். பாட்டியாருக்கு நெஞ்சு நோய். அவரை மந்திகை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டி வரவேண்டும். வண்டியோ இழுக்கவில்லை. அம்மா தமது காப்புச் சோடியை விற்றுக் கொடுத்திருக்கிறார். இடப்பெயர்விலே தொலைந்துபோயிற்று என்று வீட்டில் வழங்கிவந்தது அந்தக் காப்புத்தான்.

"மாமிக்குத் தெரிஞ்சா ஏறமாட்டா எண்டு சொல்லேல்லை. பிறகு சொல்லவேண்டி வரேல்லை," என்றார் அம்மா. பின்னர் பேத்தியைப் பார்த்து, "அப்பம்மான்ரை காப்புத்தான் உதுக்குள்ளை ஓடுது பிள்ளை," என்று சொல்லிச் சிரித்தார். மகள் சிரிக்கவில்லை. பிஸ்ரனை வாங்கிக்கொண்டு போய் மறுபடியும் துடைத்தாள்.

இனிச் சிலிண்டரின் நிலையை அறிதல் வேண்டும். தேய்வை அளப்பதற்கு விலையுயர்ந்த கருவிகள் உண்டு. எம்மிடம் இருந்ததோ மெல்லிய தகடுகள் அடுக்கிய ஃபீலர் கேஜ் ஒன்றும், கணிதமும் மட்டுமே. சிலிண்டரின் சுவர் எல்லா இடத்திலும் ஒருபோலத் தேய்வதில்லை. நிமிடத்துக்கு 5000 சுழற்சி எனின், பிஸ்ரன் 10,000 தடவை நின்று திரும்புகிறது. மேலே நின்று திரும்பும் இடத்தில்தான் வெடிப்பின் அழுத்தம் றிங்கைச் சுவரோடு நெருக்குகிறது. ஓட்டம் நின்றுபோவதால் எண்ணெய்ப் படலமும் அங்கே மெலிகிறது. ஆகையால் அவ்விடமே மிகுதியாகத் தேயும். அடியிலே, றிங்கு எட்டாத பகுதி, குடைந்த நாளில் இருந்தபடியே இருக்கும்.

றிங்கு முழு வட்டமன்று. அதன் இரு முனைகளுக்கும் நடுவே ஒரு வாய் உண்டு. பழைய றிங்கு ஒன்றைச் சிலிண்டரின் அடியில் வைத்து, பிஸ்ரனாலேயே தள்ளி நேராக்கி, வாயின் அகலத்தை அளந்தோம்: 0.58 மில்லிமீற்றர். பின்னர் அதே றிங்கை மேலே தேய்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் அளந்தோம்: 0.94. வேறுபாடு 0.36. றிங்கின் நீளம் மாறவில்லை. ஆகவே வாய் விரிந்த அளவு, சுற்றளவு கூடிய அளவே. சுற்றளவு கூடியது தெரிந்தால் விட்டம் கூடியதை எவ்வாறு அறிவது என்று மகளிடம் கேட்டோம். எட்டாம் வகுப்பிலிருந்து "பை"யைக் கொண்டு எத்தனையோ வட்டங்களுக்கு விடை கண்டவள் அவள். ஆயினும் அன்றுதான் அதனை எழுதாமலே கையில் வைத்துப் பார்த்தாள். 0.36 ஐ 3.14 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 0.11. இத்தகைய சிறு எஞ்சின்களுக்கு 0.10 வரை பொறுக்கலாம் என்பர். எல்லை தாண்டிவிட்டது, ஆனால் அதிகம் தாண்டவில்லை. 0.75 இற்கு அடித்தாற் போதும். 1.00 இன்னும் மீதம் இருக்கும்.

பிஸ்ரனைப் பிடிக்கும் கோலை மேலும் கீழும் இழுத்துப் பார்த்தோம். பக்கவாட்டில் அசைந்தது, அஃது இயல்பு. மேலுங்கீழும் சிறிதும் ஆட்டமில்லை. கீழ்ப்பகுதி நலமாக இருக்கிறது. திருத்துநரின் தீர்ப்பை மாற்றி எழுதலாயிற்று.

யாழ் நகரத்துக் கடைகளிலே 0.75 பிஸ்ரன் தேடி இரண்டு நாட்கள் சென்றன. முதலில் பிஸ்ரனை வாங்கி, அதனையும் சிலிண்டரோடு லேத் பட்டறைக்குக் கொடுத்தல் வேண்டும். குடைபவர் பிஸ்ரனை அளந்து, அதற்கு ஏற்ற இடைவெளி விட்டுக் குடைவார். அவ்விடைவெளி ஒரு மில்லிமீற்றரின் நூறிற் சில பங்கே. இது வீட்டிலே ஆகாத வேலை. குடைந்த சுவரிலே சாய்வான கீறல்கள் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும்படி இழைத்துத் தந்தார்கள். எண்ணெய் தங்குவதற்கும், புதிய றிங்கு சுவரோடு பழகுவதற்கும் அக்கீறல்கள் வேண்டும். வழவழப்பே நல்லது என்று எண்ணுவோர்க்கு இது வியப்பாக இருக்கும்.

வீட்டுக்கு வந்ததும் செய்யவேண்டியதைப் பலர் விட்டுவிடுகின்றனர். இழைத்த பொடி கீறல்களுக்குள் ஒட்டியிருக்கும். பெற்றோலாற் கழுவினால் அது போகாது. சவர்க்காரமும் சுடுநீரும் தூரிகையும் வேண்டும். கழுவி, உடனே எண்ணெய் பூசி, வெள்ளைத் துணியாற் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியிற் சாம்பல் நிறம் பட்டால் மறுபடியும் கழுவ வேண்டும். எமக்கு நான்கு தடவை ஆயிற்று. நான்காவது துணி வெள்ளையாக இருந்ததென்று அம்மா சான்றளித்தார். துணி துவைப்பதில் அவரது கண்ணை ஏமாற்ற இயலாது.

வால்வுகளை இழைக்கும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள். கரகரப்பான பசையைச் சிறிது தடவி, இறப்பர்க் கிண்ணம் உள்ள கோலை இரு கைகளுக்கும் நடுவே தயிர் கடைவது போல உருட்ட வேண்டும். தொடக்கத்திலே மணல் அரைபடுவது போலச் சத்தம் வரும். இழைய இழைய அது மென்மையாகும். காதுதான் அளவுகோல். ஈற்றில் வால்வின் விளிம்பைச் சுற்றி அறுபடாத சாம்பல் நிற வளையம் தெரிய வேண்டும். பின்னர் வால்வைப் பூட்டி, அதன் பின்புறத் துவாரத்திலே மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். கால் மணி நேரத்தில் ஒரு துளியும் கசியவில்லை. இம்முறை மண்ணெண்ணெய் நன்மைக்கே பயன்பட்டது.

பூட்டுவதைப் பற்றி விரித்துரைக்க வேண்டியதில்லை. புதிய றிங்கின் வாய் 0.20, எழுத்துள்ள பக்கம் மேலே, மூன்றின் வாய்களும் ஒரே நேரில் வாராதபடி சுற்றிலும் பிரித்து வைத்தல். பிஸ்ரன் ஊசியைத் தடுக்கும் சிறு வளையங்கள் துள்ளி உள்ளே விழாதபடி முன்னரே வாயைத் துணியால் அடைத்தல். சிலிண்டரை இறக்குகையில் மட்டும் மூச்சை அடக்க வேண்டியிருந்தது. நாம் சிலிண்டரைப் பிடிக்க, மகள் தன் மெல்லிய விரல்களால் றிங்குகளை ஒவ்வொன்றாக ஒடுக்கினாள். பருத்த விரல்கள் அவ்விடத்துக்கு உதவா. இறுக்கிப் பிடித்தால் றிங்கு முறியும், விட்டால் விரியும். மூன்றாவது றிங்கும் உட்சென்ற ஓசை ஒரு சிறு பெருமூச்சுப் போல இருந்தது.

சங்கிலிப் பற்சில்லின் குறியையும் காந்தச் சில்லிலுள்ள "ரீ" எழுத்தையும் உரிய இடங்களில் நிறுத்தி, ஹெட்டின் நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகச் சிறிது சிறிதாக இறுக்கி, வால்வு இடைவெளியைக் குளிர்ந்த நிலையில் 0.05 ஆக வைத்தோம். உதைப்பதற்கு முன் பிளக் இல்லாமல் கையாலேயே முழுச் சுற்று இரண்டு சுற்றினோம். வால்வும் பிஸ்ரனும் எங்கேனும் முட்டுமாயின் அது கைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது.

ஐந்தாவது உதையிலே பிடித்தது. பூசிய எண்ணெய் எரிந்த புகை சில நிமிடங்கள் முற்றத்தை மூடிற்று. பின்னர் அதுவும் இல்லை. அம்மா கதிரையை விட்டு எழவில்லை. "சத்தம் அவர் வாங்கேக்கை இருந்தது மாதிரி இல்லை, ஆனாப் பறவாயில்லை," என்று மட்டும் கூறினார்.

முதல் 500 கிலோமீற்றர் விரைந்து ஓட்டலாகாது. ஒரே வேகத்திலும் ஓட்டலாகாது. தூரம் காட்டும் முள் எப்போதோ இறந்துவிட்டமையால், கல்லூரிக்குப் போய்வரும் 14 கிலோமீற்றரை எண்ணியே கணக்கு வைத்தோம், முப்பத்தாறு நாட்கள். முதல் நூறு கிலோமீற்றரில் எண்ணெயை வடித்தபோது அது வெயிலிலே வெள்ளித் தூள் கலந்தது போல மின்னிற்று. புதிய றிங்கு பழகும் காலத்தில் அஃது இயல்பே. அடுத்த தடவை மின்னவில்லை. வால்வு இடைவெளியை மீண்டும் பார்த்தோம், ஒன்று சற்று நெருங்கியிருந்தது, திருத்தினோம்.

நீல மட்டைக் கொப்பியிலே மகள் இரண்டு பதிவுகள் எழுதினாள். ஒன்று 2024, அளவு 0.75, றிங்கு வாய் 0.20. அதற்கு மேலே, 1992 ஆம் ஆண்டுப் பதிவின் பக்கத்து ஓரத்தில் இருந்த சிறு இடத்திலே, அம்மாவைக் கேட்டுக் கேட்டு மற்றையதை எழுதினாள்: 1996, சாவகச்சேரி, அளவு 0.50. செலவு என்ற நிரலில் என்ன எழுதுவது என்று கேட்டபோது அம்மா ஒரு தொகை கூறவில்லை. "ஒரு சோடிக் காப்பு" என்றே அது இப்போது அங்கே இருக்கிறது.

புகை இப்போது இல்லை. கியர் மிதியின் அருகே மட்டும் ஒரு துளி எண்ணெய் இரவுதோறும் நிலத்தில் விழுகிறது. அது வேறு சீல். அதற்கும் மேற்பகுதிக்கும் தொடர்பில்லை. அடுத்த விடுமுறை வரையில் கீழே ஒரு சிரட்டை வைத்திருக்கிறோம்.